தூக்கம், மனச்சோர்வு, கோபம்: கையைக் கடிக்காத செலவில் சரியான சிகிச்சை பெறுவது எப்படி?

தூக்கம் வரவில்லை, மனசு எதிலும் ஒட்டவில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் தலைக்கேறுகிறது. இவற்றில் ஒன்றோ மூன்றுமோ உள்ள ஒருவர் உதவி தேடிக் கிளம்பினால், பாதை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. முதலில் மருந்துக்கடையில் 'தூங்குறதுக்கு ஏதாவது குடுங்க'. அப்புறம் பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஒரு சத்து ஊசி. நெஞ்சு படபடக்கிறதே என்று ஈ.சி.ஜி., எக்கோ. தலை பாரமாக இருக்கிறதே என்று ஸ்கேன். வயிறு சரியில்லையே என்று எண்டோஸ்கோப்பி. எல்லாம் 'நார்மல்' என்று வந்தபிறகு ஜாதகம், பரிகாரம். இதற்குள் ஓராண்டும் பல ஆயிரம் ரூபாயும் போயிருக்கும். மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்ற பேச்சு வரும்போது கையில் காசு இருக்காது.

மனநல சிகிச்சை என்றாலே வசதியானவர்களுக்கு என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றுகிறது. ஆனால் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை நோய் என்ன என்று கண்டறிவதும் அதற்கான மாத்திரைகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அங்கே அரிதாகக் கிடைப்பது உட்கார்ந்து பேசும் நேரம். எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்பதை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

இந்தச் சிக்கல் ஒருசிலருடையது அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. சிகிச்சை தேவைப்படுவோரில் 70 முதல் 92 விழுக்காடு வரையானோர், நோயைப் பொறுத்து, எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று அதில் தெரியவந்தது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. லட்சம் பேருக்கு 0.75 மருத்துவர் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியிருக்க, கிடைக்கிற மருத்துவரின் பத்து நிமிடத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்திருப்பது ரொம்ப அவசியம்.

புகார் ஒன்று, காரணம் வேறு

தூக்கமின்மை, எரிச்சல், சோர்வு எல்லாம் அறிகுறிகள். காய்ச்சலைப் போல. காய்ச்சல் என்று சொன்னால் டெங்குவா டைபாய்டா என்று பார்க்கிறோம் அல்லவா, இதற்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அடிக்கடி பின்னால் இருக்கும் காரணங்கள் இவை:

1. மனச்சோர்வு நோய். ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் வாடியிருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது, இரண்டு வாரத்துக்கு மேல். கூடவே பசி, தூக்கம், கவனம், தன்மதிப்பு ஆகியவற்றில் மாற்றம். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் பிடிக்காதது இதன் தனி அடையாளங்களில் ஒன்று. ஆண்கள் பலருக்கு இது அழுகையாக வராமல் எரிச்சலாக வரும். 'முன்னே மாதிரி இல்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறார்' என்று மனைவி சொல்வதே பல நேரம் முதல் துப்பு.

2. பதற்றநோய். படுத்ததும் மனம் ஓடத் தொடங்கும். நாளைய வேலை, கடன், பிள்ளையின் படிப்பு என்று ஒன்றைத் தொட்டு இன்னொன்று. தூக்கம் பிடிக்கவே மணிக்கணக்காகும்.

3. உறக்க மூச்சுத்தடை. பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுதல். இரவெல்லாம் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து குறைந்து ஏறுவதால் மறுநாள் மனிதர் சிடுசிடுவென்று இருப்பார். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், உயர் ரத்த அழுத்தம், 50 வயதுக்கு மேல், ஆண் என்றால் ஐயம் கூடுகிறது. இதற்கு எத்தனை முறை கவுன்சலிங் போனாலும் பயனில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரோ நுரையீரல் மருத்துவரோ பார்த்து, உறக்க ஆய்வு செய்ய வேண்டும். தூக்க மாத்திரை இதை மோசமாக்கவும் கூடும்.

4. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை. சில ரத்தப் பரிசோதனைகளில் தெரிந்துவிடும். ஹீமோகுளோபின், சர்க்கரை இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

5. மது. குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பாதி இரவில் கலைந்துவிடும். மறுநாள் நடுக்கமும் எரிச்சலும் மாலையில் மறுபடி குடிக்கச் சொல்லும். தூக்கத்துக்காகத்தான் குடிக்கிறேன் என்பவர் பலருக்குத் தூக்கத்தைக் கெடுப்பதே அதுதான். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது ஆபத்து. வலிப்புகூட வரலாம். மருத்துவ மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

6. இருதுருவ மனநோய், அதாவது பைபோலார். மனம் ஒரு காலம் சோர்ந்தும் ஒரு காலம் அளவுக்கு மீறி எழுச்சியாகவும் இருக்கும். எழுச்சிக் காலத்தில் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லை, பேச்சு நிற்கவில்லை, கண்டபடி செலவு, பெரிய பெரிய திட்டங்கள், குறுக்கே பேசினால் ஆவேசம். இப்படி ஒரு காலம் வந்து போயிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் இவர்களுக்கு நிலைமை தலைகீழாகப் போகலாம்.

7. வாழ்க்கைச் சூழல். திருப்பூரில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தகரக் கூரைக்கு அடியில் தூங்க முயலும் தொழிலாளிக்கு நோய் எதுவும் இல்லாமலே தூக்கம் கெடும். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் அப்படியே. ஆனால் பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, பிள்ளைமேல் ஒட்டுதலே வரவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

இதையெல்லாம் படித்து நாமே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் எதையெதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பட்டியல்.

காத்திருக்கக் கூடாதவை

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம், காதில் யாரோ பேசுவது போன்ற அனுபவம், பல நாளாகச் சாப்பிடாமல் முடங்கிக் கிடப்பது, கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க ஓடும் அளவு ஆவேசம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு இரவிலும் இயங்கும். 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். உடனே பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416ஐ அழைக்கலாம். சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. உதவி கிடைக்கும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் இன்னொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள்.

சாகத் தோன்றுகிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேராகக் கேட்கும்போதுதான் பலர் மனம் விட்டுப் பேசுகிறார்கள்.

யாரிடம் போவது: நான்கு வகைப் பேர்

பெயர்ப்பலகைகள் குழப்புகின்றன. சுருக்கமாக:

1. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவார்.

2. மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிகல் சைக்காலஜிஸ்ட். மருந்து எழுத மாட்டார். உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் இவர் வேலை. இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையானவர் தயங்காமல் சொல்வார்.

3. மனநலச் சமூகப் பணியாளர். குடும்பத்தோடு பேசுவது, உதவித்தொகை, மறுவாழ்வு, வேலைக்குத் திரும்புவது ஆகியவற்றில் கைகொடுப்பவர். அரசு மருத்துவமனையில் இவரைத் தேடிப் பிடித்துப் பேசினால் பாதி வேலை முடியும்.

4. ஆலோசகர், அதாவது கவுன்சலர். இந்தச் சொல்லைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். முதுநிலை உளவியல் படித்து, மேற்பார்வையில் பயிற்சி பெற்ற நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சில வார இணையச் சான்றிதழை மாட்டிக்கொண்டவர்களும் அதே பலகையைத்தான் வைக்கிறார்கள். என்ன படிப்பு, எங்கே பயிற்சி, எந்த முறையில் சிகிச்சை, எத்தனை அமர்வு என்று முதல் நாளே கேளுங்கள். எல்லா நோயையும் மருந்தில்லாமல் குணமாக்குவேன் என்று உறுதி சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் தடவை யாரிடம் போவது? என் கருத்தில், கொஞ்ச நாளாகவே வேலையும் வீடும் பாதிக்கப்பட்டிருந்தால் முதலில் மனநல மருத்துவரிடம். தைராய்டும் மூச்சுத்தடையும் இருதுருவ நோயும் தவறிவிடக் கூடாது என்பதுதான் காரணம். மருந்து தேவையில்லை என்றால் அவரே சொல்லி உளவியலாளரிடம் அனுப்புவார்.

அரசு ஏற்பாடு: என்ன கிடைக்கும்?

தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. அதை மாவட்ட அளவுக்குக் கொண்டுவரும் மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. பெரிய ஊரிலிருக்கும் மனநல மருத்துவமனைக்கு எல்லோரையும் வரச் சொல்வதை விட, மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்குப் போவது என்பது இதன் அடிப்படை. ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட குழு குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட ஊர்களுக்கு வரும். உங்கள் வட்டாரத்துக்கு எந்தக் கிழமை வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாதத்தில் ஒரே ஒரு நாள் என்றால் அந்த நாளைத் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விடும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மதுரையில் ராஜாஜி மருத்துவமனை, சென்னையில் ஸ்டான்லி போன்றவை. பொது மருத்துவமனை என்பதால் அங்கே போவதில் ஒரு வசதி: வாசலில் யார் பார்த்தாலும் எதற்கு வந்தோம் என்று தெரியாது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கப்பட்டது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாக ஆக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பேர் சிகிச்சையை விட்டிருப்பார்கள். உண்மையில் அங்கே புறநோயாளிப் பிரிவுக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம்.

ஒரு மாவட்ட மருத்துவமனையில் அந்தக் காலை எப்படி இருக்கும்? எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் வரிசை. 'மனநலம்' என்று சொன்னால் அறை எண்ணை எழுதிக் கொடுப்பார்கள். சத்தமாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டலாம். அறைக்கு வெளியே பெஞ்சில் இருபது முப்பது பேர். பையில் புத்தகத்தோடு ஒரு கல்லூரி மாணவி, வலிப்பு மாத்திரைக்கு வந்த பெரியவர், கணவனைக் கூட்டி வந்திருக்கும் ஒரு பெண், மடியில் டிபன் பாக்ஸோடு ஒரு கட்டடத் தொழிலாளி. உள்ளே போனால் பக்கத்து மேசையில் இன்னொரு நோயாளி உட்கார்ந்திருக்கலாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். முதல் வருகைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், அடுத்தடுத்த வருகைக்கு அதைவிடக் குறைவு. வெளியே வந்து மருந்து கொடுக்கும் இடத்தில் சீட்டை நீட்டினால் மாத்திரைகளைக் கையில் கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. போன செலவு பேருந்துக் கட்டணமும் அரைநாள் கூலியும். அந்த அரைநாள் கூலி சிறிய தொகை அல்ல என்பதால், பேசப் போவதை முன்கூட்டியே எழுதி எடுத்துப்போவது நல்லது.

எழுத வேண்டியவை: எப்போது தொடங்கியது, இரவில் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், குறட்டை உண்டா, குடி மற்றும் புகை எவ்வளவு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா, சாகும் எண்ணம் வந்ததா, பெண்ணென்றால் மாதவிலக்கும் கர்ப்பமும் பற்றி. ஒரு பக்கம் போதும். முடிந்தால் கூடவே வாழும் ஒருவரை அழைத்துப் போங்கள். நாம் தூங்கும்போது மூச்சு நிற்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும்.

வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு தொலைபேசி. டெலி-மானஸ் என்ற மத்திய அரசுச் சேவை 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. 14416 என்பது எண். தமிழில் பேசலாம், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, இலவசம். தமிழ்நாட்டில் இதை 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடத்துகிறார்கள். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார் அல்லது பக்கத்திலுள்ள மருத்துவமனையைச் சொல்வார். வாரா வாரம் ஒரே ஆளிடம் தொடர்ந்து பேசும் சிகிச்சையை இந்த அழைப்பிடம் எதிர்பார்க்க முடியாது. பயத்தோடு முதலடி எடுத்து வைப்பவருக்கு, இன்ன ஊரில் இன்ன இடத்துக்குப் போ என்று வழிகாட்ட இது நன்றாக உதவும்.

பேச்சுவழிச் சிகிச்சை: பணம் செலவழிக்க வேண்டிய இடம்

அரசு மருத்துவமனையில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து பேசும் அமர்வு வாரந்தோறும் கிடைப்பது கடினம். நெரிசல்தான் காரணம், அக்கறையின்மை அல்ல. தனியாரிடம் நகரங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே கண்டறிதல், ரத்தப் பரிசோதனை, மாத்திரை மூன்றையும் அரசிடம் பெற்றுக்கொண்டு, கையிலுள்ள பணத்தை எண்ணிக்கை வரையறுத்த பேச்சுவழிச் சிகிச்சைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சிக்கனமான வழி. 'வந்துகொண்டே இருங்கள்' என்பதற்கும் 'ஆறு முதல் எட்டு அமர்வு, இந்தக் குறிக்கோள்' என்பதற்கும் செலவில் பெரிய வேறுபாடு உண்டு. கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம். பலர் வருமானத்துக்கு ஏற்பக் குறைத்து வாங்குகிறார்கள். உளவியல் கற்பிக்கும் கல்லூரிகளில், மேற்பார்வையோடு பயிற்சி மாணவர்கள் நடத்தும் ஆலோசனை மையங்கள் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ இயங்குவதுண்டு. அருகிலுள்ள கல்லூரியில் விசாரியுங்கள்.

தூக்கமின்மைக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் பேச்சுவழிச் சிகிச்சை வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல என்பது புரியும். வாரம் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. இதன் மையத்தில் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது.

ஒருவர் இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுகிறார். படுக்கையில் 8 மணி நேரம். இரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்ததில் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். அதாவது சுமார் 69 விழுக்காடு. மீதி இரண்டரை மணி நேரம் புரண்டு புரண்டு படுத்து, கடிகாரத்தைப் பார்த்து, செல்போனை எடுத்து. இப்படியே மாதங்கள் போனால் படுக்கை என்றாலே மூளைக்கு விழிப்பு என்று பழகிவிடும். எனவே படுக்கும் நேரத்தைப் பன்னிரண்டரைக்குத் தள்ளுகிறார்கள். எழுவது அதே ஆறு மணி, ஞாயிற்றுக்கிழமையும். பகல் தூக்கம் கிடையாது. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கப் பசி ஏறும். ஐந்தரை மணி நேரத்தில் ஐந்து மணி தூங்கிவிட்டால் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் பன்னிரண்டே காலுக்குப் படுக்கலாம். இப்படிப் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போவது. நடுவில் இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போதுதான் திரும்பிப் படுக்க வேண்டும்.

படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. லாரி, பேருந்து ஓட்டுபவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யவே கூடாது. மற்றவர்களும் ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது. ஆனால் குறிப்பேடு எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். இரண்டு வாரக் குறிப்போடு போனால் ஒரு அமர்வுக் கட்டணம் மிச்சம்.

கோபத்துக்குச் சிகிச்சை: இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி, கோபத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. கோபத்தை ஒரு நோயின் பெயராக மருத்துவர்கள் பொதுவாக எழுதுவதில்லை. மேலே சொன்ன காரணங்களில் ஒன்றைத் தேடுவார்கள். அதைச் சரிசெய்தாலே பலருக்குக் கோபம் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை. எது தூண்டுகிறது, உடம்பில் எங்கே முதலில் தெரிகிறது, அந்த நொடியில் மனம் என்ன சொல்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவார்கள். தாடை இறுகுவதா, காது சூடாவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அது தெரிந்தவுடன் அங்கிருந்து விலகப் பயிற்சி கொடுப்பார்கள். சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போவது விலகல் ஆகாது. 'அரை மணி நேரம் வெளியே போயிட்டு வர்றேன், வந்து பேசலாம்' என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வர வேண்டும். நேரம் சொல்வதில்தான் வீட்டாருக்கு நம்பிக்கை வருகிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. முதலாளியிடமும் போலீஸ்காரரிடமும் வராத கோபம் மனைவி, பிள்ளைகளிடம் மட்டும் வருகிறதா? அடிக்கிறதா, பயமுறுத்துகிறதா? அப்படியென்றால் அது கட்டுப்பாட்டை இழக்கும் நோய் என்று மட்டும் பார்க்க முடியாது, வன்முறை. அவருக்குச் சிகிச்சை நடக்கிறது என்பதற்காக வீட்டார் அடி தாங்கிக் காத்திருக்கத் தேவையில்லை. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. அடி விழுகிற வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் தம்பதி ஆலோசனை பல நேரம் ஆபத்து. உள்ளே பேசியதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.

மதுவே முதன்மைச் சிக்கல் என்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளிலும் குடியிலிருந்து மீள்வதற்கான சிகிச்சை உண்டு. கட்டிப்போடும், அடிக்கும், பார்க்க விடாத 'மறுவாழ்வு இல்லங்கள்' பக்கமே போக வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எந்த இல்லத்தில் சேர்ப்பதானாலும் அரசுப் பதிவு உண்டா, மருத்துவர் தினமும் வருகிறாரா, நோயாளியோடு தனியாகப் பேச விடுகிறார்களா என்று பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும்.

மாத்திரை பற்றி இரண்டு விஷயம்

மனச்சோர்வு மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஒன்று அல்ல. எல்லாவற்றையும் 'தூக்க மாத்திரை' என்றே நம் வீடுகளில் சொல்வதால் வரும் குழப்பம் பெரிது. எசிட்டலோப்ராம், ஃப்ளூவாக்சிட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அடிமையாக்குபவை அல்ல. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலோ படபடப்போ வந்து, பலன் எதுவும் தெரியாதபோதே பலர் நிறுத்திவிடுகிறார்கள். நலமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

அல்ப்ரசோலாம் போன்றவை வேறு வகை. அன்றிரவே தூக்கம் வரும். அதனால்தான் பிடித்துப்போகிறது. சில வாரங்களுக்கு மேல் போனால் உடம்பு அதற்குப் பழகி, அளவு கூடிக்கொண்டே போகும். மருந்துக்கடையில் இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. 2014 முதல் எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் உள்ளதால் யார் எழுதினார், யார் வாங்கினார் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். பல மாதமாகச் சாப்பிடுபவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். அரசு மனநலப் பிரிவில் சொன்னால் மெல்லக் குறைத்துத் தருவார்கள்.

அரசு மருத்துவமனைக்கு மாதாமாதம் போக முடியாதவர்கள், அங்கே எழுதிய மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயர் மருந்துகள் வெளியில் விற்பதைவிட நன்றாகவே மலிவு.

ஈ.எஸ்.ஐ., காப்பீடு, சட்டம்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மனநல சிகிச்சையும் அதில் அடக்கம். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஒவ்வொரு மாதமும் காசு கட்டிக்கொண்டே இதைத் தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு நடத்தும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது அது. சிகிச்சை விவரத்தை உங்கள் ஒப்புதல் இல்லாமல் அலுவலகத்துக்கோ உறவினருக்கோ சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். வெளிநோயாளிக் கட்டணமும் கவுன்சலிங்கும் சேருமா என்று பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் கழித்து

சிகிச்சை சரியான திசையில் போகிறதா என்று எப்படித் தெரியும்? பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு. ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. அதில் சுழியத்துக்கு மேல் எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் உடனே சொல்ல வேண்டும்.

சிகிச்சை தொடங்கும் நாள் ஒருமுறை எழுதி, தேதி போட்டு ஓ.பி. சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். 18 என்பது 8 ஆகியிருந்தால் அதே பாதையில் போகலாம். 18 என்பது 16 ஆக நின்றால் அந்த இரண்டு தாள்களையும் மருத்துவர் முன் வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: அளவைக் கூட்ட வேண்டுமா, மருந்தை மாற்ற வேண்டுமா, நோயே வேறாக இருக்குமா? 'இன்னும் அப்படியேதான் இருக்கு டாக்டர்' என்று சொல்லும்போது கிடைக்காத கவனம், பத்து நிமிட வருகையிலும், அந்த இரண்டு எண்களுக்குக் கிடைக்கும்.